மூன்றாம் வகுப்பில் என்ன மாறுகிறது?

"அக்கா, இவன் போன வருஷம் வரைக்கும் நல்லாதான் படிச்சான். இந்த வருஷம் என்ன ஆச்சுன்னே தெரியல. விளையாட்டுப் புத்தி வந்துடுச்சு." பக்கத்து வீட்டுப் பெண், மகனைக் கையோடு அழைத்து வந்து இப்படிச் சொன்னார். மூன்றாம் வகுப்பின் முதல் பரீட்சை முடிந்து தாள் வந்திருந்த நேரம். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அறிவியல் புத்தகத்தில் ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னேன். தண்ணீர் ஆவியாவதைப் பற்றிய பத்தி. தங்குதடை இல்லாமல் படித்தான். குளத்து நீர் வெயில் பட்டு ஆவியாகி மேலே போகிறது, மேலே குளிர்ச்சி பட்டதும் அது மறுபடியும் சிறு துளிகளாக மாறுகிறது, "இந்தத் துளிகள் சேர்ந்தவையே மேகங்கள்" என்று முடிகிறது அந்தப் பத்தி. "சரி, மேகம் எதனால் ஆனது?" என்று கேட்டேன். "காத்து" என்றான். மறுபடி பாருடா என்றேன். கடைசி வரியைக் கண்டுபிடித்து, அதை அப்படியே உரக்கப் படித்தான். "இந்தத் துளிகள்னு போட்டிருக்கே, எந்தத் துளிகள்?" என்றதும் விழித்தான். ஒவ்வொரு வார்த்தையையும் அவனால் படிக்க முடிந்தது. ஒரு வரியில் வரும் 'இந்த' முந்தைய வரியைச் சுட்டுகிறது என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

அவனிடம் விளையாட்டுப் புத்தி எதுவும் புதிதாக வரவில்லை. மாறியது பாடம். முதல் இரண்டு வகுப்புகளில் வாசிப்பே பாடம். எழுத்தைக் கூட்டினால் போதும், பக்கத்தில் படம் இருக்கும், கதையும் தெரிந்த கதையாக இருக்கும். மூன்றாம் வகுப்பில் வாசிப்பு ஒரு கருவியாகிவிடுகிறது. அறிவியலும் சமூக அறிவியலும் கணக்கும், ஏன் பரீட்சையின் கேள்வியேகூட, 'நீ படித்துப் புரிந்துகொள்வாய்' என்று நம்பித்தான் எழுதப்படுகின்றன. பிள்ளையின் மூன்றாம் வகுப்பு ஆண்டில் பெற்றோர் ஒரே ஒரு விஷயத்தைக் கவனிக்க முடியும் என்றால், நான் இதைத்தான் சொல்வேன். மற்றப் பாடங்களில் வரும் தடுமாற்றங்களில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

இதை முதலில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜீன் சால். வாசிப்பு படிப்படியாக வளர்கிறது என்று 1983இல் வந்த நூலில் அவர் விளக்கினார். ஏழெட்டு வயதுவரை 'வாசிக்கக் கற்பது', ஒன்பது வயதை ஒட்டி 'கற்பதற்காக வாசிப்பது' என்பது அவர் போட்ட கோடு. அந்தக் கோடு மூன்றாம் வகுப்புக்குள்ளேதான் விழுகிறது. 1990இல் அவர் இரண்டு சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட இன்னொரு ஆய்வு இன்னும் முக்கியமானது. வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, இரண்டாம் மூன்றாம் வகுப்புகளில் நன்றாகவே வாசித்தவர்கள் நான்காம் வகுப்பை ஒட்டிச் சரியத் தொடங்கினார்கள். முதலில் சரிந்தது வார்த்தைகளின் பொருள் அறியும் திறன்.  அன்றாடப் பேச்சில் வராத புத்தகச் சொற்கள் அந்த வயதில்தான் கூட்டமாக வந்து இறங்குகின்றன. பல நாடுகளின் மாணவர்களை ஒப்பிடும் பிர்ல்ஸ் என்ற வாசிப்புத் தேர்வு 2001 முதல் நடக்கிறது. அது பள்ளிப் படிப்பின் நான்காம் ஆண்டில் உள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பதற்கும் இந்தத் திருப்பம்தான் காரணம்.

ஆக, சரளமாக வாசிப்பதும் புரிந்துகொள்வதும் வேறு வேறு. காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள்: எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறனை, மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் கிடைப்பது வாசிப்பு. இரண்டில் ஏதாவது ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான். வீட்டில் செய்து பார்க்க எளிய சோதனை உண்டு. பிள்ளை படித்த பத்தியை அவர்களே சொந்த வார்த்தையில் சொல்லட்டும். சொல்ல முடியவில்லையா? இன்னொரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், பிறகு கேளுங்கள். கேட்டால் புரிகிறது, படித்தால் புரியவில்லை என்றால் சிக்கல் எழுத்துக் கூட்டுவதில் இருக்கிறது. அதிலேயே முழுக் கவனமும் செலவாகிவிடுகிறது. கேட்டாலும் புரியவில்லை என்றால் வார்த்தைகளும் உலக விஷயங்களும் போதாமல் இருக்கின்றன. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல. முதலாவதற்குத் தினமும் பத்து நிமிடம் உரக்க வாசிக்கும் பயிற்சி வேண்டும். இரண்டாவதற்குப் பேச்சு வேண்டும், நிறையப் பேச்சு.

உலக விஷயம் என்று சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 1988இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏழாம் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று பெயரெடுத்தாலும் ஆட்டத்தை நன்றாக அறிந்தவர்கள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். மனதில் ஏற்கெனவே இருக்கும் விஷயத்தின் மேல்தான் புதிய வரி ஒட்டிக்கொள்கிறது. மழையில் நின்று பார்த்த பிள்ளைக்கு, எறும்புப் புற்றை உட்கார்ந்து கவனித்த பிள்ளைக்கு, அந்தப் பாடம் பாதி தெரிந்த பாடம். 'வாசிப்பில் வீக், அதனால் அறிவியலைக் கொஞ்ச நாள் ஓரங்கட்டுவோம்' என்று நினைப்பது அதனால்தான் தவறு.

இன்னொரு விஷயம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. பிள்ளை தானாகப் படிக்கத் தொடங்கியதும் பல வீடுகளில் கதை வாசித்துக் காட்டுவது நின்றுவிடுகிறது. 'உனக்குத்தான் படிக்கத் தெரியுமே, நீயே படி.' எட்டு வயதில் ஒரு பிள்ளை காதால் கேட்டுப் புரிந்துகொள்வது, கண்ணால் படித்துப் புரிந்துகொள்வதைவிடப் பெரும்பாலும் மேலே இருக்கும். அவர்களால் தனியாகப் படிக்க முடியாத, ஆனால் கேட்டால் ரசிக்கக்கூடிய புத்தகங்கள் எத்தனையோ. அந்தக் கதவை மூன்றாம் வகுப்பில் மூட வேண்டாம்.

அடுத்தது கணக்கு. அதுவரை கூட்டல் கழித்தல் என்று விரலிலேயே ஓட்டிவிடலாம். மூன்றாம் வகுப்பில் பெருக்கலும் வகுத்தலும் வந்து உட்காருகின்றன, பின்னமும் எட்டிப் பார்க்கிறது. வாய்ப்பாட்டைக் கிளிப்பிள்ளைபோல ஒப்பிக்க வைப்பது சரியா, புரிய வைப்பது சரியா என்று பெரியவர்கள் சண்டை போடுவது உண்டு. இரண்டும் வேண்டும், ஆனால் வரிசை முக்கியம். 4 × 6 என்றால் ஆறு ஆறாக நான்கு வரிசை என்று பொத்தானையோ கூழாங்கல்லையோ அடுக்கிப் பார்த்த பிறகு மனப்பாடம் செய்தால், மறந்தாலும் மீட்டுக்கொள்ள வழி இருக்கும். அப்புறம் மனப்பாடமும் தேவைதான். 7 × 8க்கு ஒவ்வொரு முறையும் விரல் மடக்கும் பிள்ளைக்கு, பெரிய கணக்கின் நடுவில் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோகும்.

வாய்ப்பாட்டைப் பார்த்து மலைக்கும் பிள்ளையிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். பத்துவரை மொத்தம் 100 பெருக்கல்கள். 3 × 7ம் 7 × 3ம் ஒன்றுதான் என்று தெரிந்ததும் அது 55 ஆகிவிடும். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து வாய்ப்பாடுகள் எல்லோருக்கும் சுலபம். அவற்றை நீக்கினால் மிஞ்சுவது 21. ஒன்பதாம் வாய்ப்பாட்டைப் பத்திலிருந்து ஒரு தடவை குறைத்து எடுத்துவிடலாம்: 9 × 6 என்றால் 60இலிருந்து 6 போக 54. அதையும் கழித்தால் உண்மையில் உட்கார்ந்து மனதில் ஏற்ற வேண்டியவை 15 மட்டுமே. ஒரு சின்ன அட்டையில் அந்தப் பதினைந்தையும் எழுதி, நாளுக்கு ஐந்து நிமிடம் மாற்றி மாற்றிக் கேட்டால் போதும். ஒரே நாளில் ஒரு மணி நேரம் உருப்போடுவதைவிட, நாட்களைப் பிரித்துக் கேட்பது மனதில் நிற்கும்.

பெருக்கல் தெரிந்த பிள்ளைகளும் வார்த்தைக் கணக்கில் தடுக்கி விழுவார்கள். '24 பென்சில்களை 6 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எத்தனை?' என்பதற்கு 30 என்று எழுதிய நோட்டை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு வகுக்கத் தெரியும். 24, 6 என்ற இரண்டு எண்கள் கண்ணில் பட்டன, நடுவில் இருந்த 'சமமாகப் பங்கிட்டால்' கண்ணில் படவில்லை. பழைய வாசிப்புச் சிக்கல்தான், கணக்கு நோட்டுக்குள் வந்து நிற்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில் 'கூட்டலா, கழித்தலா, பெருக்கலா?' என்று கேட்டுப் பயனில்லை, பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்து ஊகிக்கத் தொடங்கிவிடும். எண்களை மறைத்துவிட்டு, 'இங்கே என்ன நடக்கிறது, ஒரு படம் வரை' என்று சொல்லிப் பாருங்கள்.

பின்னத்தில் ஒரு தவறு பல பிள்ளைகளுக்கு வரும்: மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்று பெரியது என்பார்கள். நான்கு மூன்றைவிடப் பெரியது, அவ்வளவுதான் அவர்கள் நியாயம். அதுவரை கற்ற எண்ணறிவைச் சரியாகப் பயன்படுத்தியதால் வந்த தவறு அது. திட்ட வேண்டாம். ஒரே அளவில் இரண்டு காகிதப் பட்டைகளைக் கொடுத்து ஒன்றை மூன்றாகவும் இன்னொன்றை நான்காகவும் மடிக்கச் சொல்லுங்கள், விடையைக் கையே காட்டும். சமக்குறியும் அப்படித்தான். 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் 12 என்பார்கள், சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். சமக்குறி என்றால் 'விடையை இங்கே எழுது' என்று அவர்கள் மனதில் பதிந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே எடை என்பதை இப்போது புரியவைக்காவிட்டால் பின்னாளில் இயற்கணிதத்தில் கஷ்டப்படுவார்கள்.

'எனக்கும் கணக்கு வராது, உனக்கும் அப்படித்தான்' என்று ஆறுதலாகச் சொல்லும் பெற்றோர் உண்டு. அன்போடு சொல்வதுதான், ஆனாலும் வேண்டாம். முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கணக்கைக் கண்டு பயப்படும் பெற்றோர் அடிக்கடி ஹோம்வொர்க்கில் உதவியபோது பிள்ளைகள் அந்த ஆண்டில் கணக்கைக் குறைவாகக் கற்றதாகக் காட்டியது. உதவாத வீடுகளில் அந்த விளைவு இல்லை. பயம் வீட்டுப்பாட நோட்டு வழியாகவே கைமாறுகிறது. உங்களுக்குப் பதற்றமாக இருந்தால், சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டு, 'எப்படிச் செஞ்சேன்னு எனக்குச் சொல்லு' என்று கேட்பவராக மட்டும் இருங்கள்.

எழுத்துவேலை கூடும். ஒற்றை வாக்கியத்திலிருந்து ஒரு பத்தி எழுதும் நிலைக்கு வருகிறார்கள். வாயால் கதையைக் கோர்வையாகச் சொல்லும் பிள்ளை தாளில் இரண்டே வரி எழுதினால் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்ட வேண்டாம். எழுத்தின் வடிவம், பிழை, கை வலி எல்லாம் ஒரே நேரத்தில் மனதைப் பிடித்து இழுக்கின்றன. முதலில் வாயால் சொல்லட்டும், முக்கியமான நாலைந்து வார்த்தைகளை நீங்கள் ஒரு துண்டுத் தாளில் குறித்துக் கொடுங்கள், பிறகு எழுதட்டும்.

எட்டு வயதின் மனம் வேறு கதை. அதற்கு முன் 'நீ எப்படிப் படிக்கிறாய்?' என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் 'சூப்பரா' என்பார்கள். இந்த வயதில் பக்கத்து பெஞ்சைத் திரும்பிப் பார்க்கத் தொடங்குகிறார்கள். யார் முதலில் முடித்தார்கள், யாரை டீச்சர் பாராட்டினார், வாசிப்புக் குழுக்களில் எது 'நல்ல' குழு, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரையான காலத்தை 'செய்து காட்ட முடியும்' என்ற உணர்வுக்கும் 'நான் மட்டம்' என்ற உணர்வுக்கும் இடையிலான இழுபறியாகப் பார்த்தார். அந்த இழுபறி கண்ணெதிரே தொடங்கும் ஆண்டு இது. 'எனக்கு வராது' என்ற சொல் முதன்முதலாக வீட்டில் கேட்கும். நண்பர்களுக்குள்ளும் 'உன்கிட்ட பேசமாட்டேன்' என்ற சண்டைகள் கூடும். பெரும்பாலானவை இரண்டு நாளில் தீரும். ஒரே பிள்ளை தொடர்ந்து ஒதுக்கப்படுவதும், காலையில் வயிறு வலிக்கிறது என்று அடிக்கடி சொல்வதும் வேறு விஷயம். அதை ஆசிரியரிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

எப்போது கவலைப்பட வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். வார்த்தையின் முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்துச் சொல்வது, ஒரே பக்கத்தில் ஒரே வார்த்தையை மூன்று விதமாகப் படிப்பது, வாசிக்கச் சொன்னால் தண்ணீர் குடிக்க எழுந்து போவது, பேச்சில் சுட்டி என்று பெயரெடுத்த பிள்ளை எழுத்தில் மட்டும் தடுமாறுவது. இவை மூன்றாம் வகுப்பிலும் தொடர்ந்தால், வாசிப்புக் குறைபாடான டிஸ்லெக்சியா இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் அறிவுக்கும் சம்பந்தம் இல்லை. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் வாய்ப்பு கூடுதல். அதுவரை நினைவாற்றலை வைத்தே சமாளித்த பிள்ளைகள், பக்கம் நீளமானதும் இந்த ஆண்டில்தான் பிடிபடுகிறார்கள். இதற்கெல்லாம் முன்னால், கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். கிட்டப்பார்வை தலைகாட்டும் வயதும் இதுதான், கரும்பலகை மங்கலாகத் தெரிவதைப் பிள்ளை தானாகச் சொல்லாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

'வளர வளரச் சரியாகிவிடும்' என்று காத்திருக்க வேண்டாம். கோனி ஜூவல் என்ற ஆய்வாளர் ஒரு பள்ளியில் 54 பிள்ளைகளை முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புவரை பின்தொடர்ந்து 1988இல் எழுதினார். முதல் வகுப்பு முடிவில் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை நான்காம் வகுப்பு முடிவிலும் பின்தங்கியே இருப்பதற்கான வாய்ப்பு 100க்கு 88. படிக்கக் கஷ்டமாக இருப்பதால் குறைவாகப் படிக்கிறார்கள், குறைவாகப் படிப்பதால் வார்த்தை சேரவில்லை, வார்த்தை சேராததால் இன்னும் கஷ்டம். இந்தச் சுழல் தானாக நிற்பது அரிது, ஆனால் சரியான உதவி கிடைத்தால் உடைகிறது. மூன்றாம் வகுப்பில் தொடங்கினாலும் பலன் உண்டு, காலம் கடந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

ஆசிரியரைச் சந்திக்கும்போது 'எப்படிப் படிக்கிறான்?' என்று கேட்டால் 'நல்லாப் படிக்கிறான், கொஞ்சம் கவனம் வேணும்' என்ற பதில்தான் வரும். கேள்வியைக் கூர்மையாக்குங்கள். இதுவரை பார்க்காத ஒரு பத்தியைத் தானே படித்துப் புரிந்துகொள்கிறானா? கணக்கில் அவனுக்குத் தவறுவது எங்கே, கணிப்பதிலா, கேள்வியைப் புரிந்துகொள்வதிலா? மதிய இடைவேளையில் யாரோடு இருக்கிறான்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் ரேங்க் கார்டு சொல்வதைவிட அதிகம் தெரிந்துகொள்வீர்கள்.

ஹோம்வொர்க் எவ்வளவு நேரம் என்பதற்கு, வகுப்பு ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்று ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. அந்தக் கணக்கில் மூன்றாம் வகுப்புக்கு அரை மணி. ஹோம்வொர்க் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த ஹாரிஸ் கூப்பர், சிறு வகுப்புகளில் ஹோம்வொர்க்குக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு மிகவும் மெலிந்தது என்றே கண்டார். தினமும் ஒன்றரை மணி நேரம் அழுகையோடு போகிறதென்றால் நோட்டில் ஒரு வரி எழுதி ஆசிரியருக்குத் தெரியப்படுத்துங்கள், அவருக்கும் அது தேவையான தகவல். தூக்கத்தை மட்டும் வெட்ட வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் சொன்ன அளவு.

பக்கத்து வீட்டுப் பையன் அதன்பிறகு தினமும் சாயங்காலம் பத்து நிமிடம் வந்து உட்கார்ந்தான். ஒரு பத்தி அவன் படிப்பான், ஒரு பத்தி நான் படிப்பேன், யார் படித்தாலும் மற்றவர் கதையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். 'இது', 'அவை', 'அதனால்' என்று வரும் இடங்களில் மட்டும் நிறுத்தி, எது, எவை, எதனால் என்று கேட்பேன். முதல் சில வாரங்கள் நான்தான் நிறுத்திக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் ஆகியிருக்கும், விதைகள் பரவுவதைப் பற்றிய பாடம். வேகமாகப் படித்துக்கொண்டு வந்தவன் நடுவில் தானாகவே நின்றான். விரலை அந்த வரியில் வைத்தபடியே, "இருங்க பெரியம்மா, அவைன்னா எது?" என்று சொல்லிவிட்டு மேல் வரியில் தேடத் தொடங்கினான்.